பசியின் சாட்சியம்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணரான சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. உடலின் குரலைக் கேட்பது அறவழிக்கு உதவுமா, தடையா என்று எடைபோட இதைவிடக் கடினமான சான்று கிடைக்காது.

உடலுணர்வே நல்ல முடிவுக்கு வழிகாட்டி என்பது நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994இல் முன்வைத்த கருத்து. அதில் பாதிதான் உண்மை. தம் இதயத்துடிப்பைத் துல்லியமாக உணர்பவர்கள் உடலின் குறிப்பை அதிகம் பின்பற்றுகிறார்கள் என்று பார்னபி டன் குழுவினர் 2010இல் கண்டனர்; குறிப்பு சரியானால் தேர்வும் சரி, குறிப்பு தவறானால் தேர்வும் தவறு. ஆக, கூர்ந்து கேட்பது வேறு, சரியாகத் தீர்மானிப்பது வேறு.

சமண நூல்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தன. தீராத நோய், தளர்ந்த முதுமை, கொடும் பஞ்சம், தப்ப முடியாத இடர் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால்தான், உண்ணாநோன்பால் உயிர்துறக்கும் சல்லேகனைக்கு இடம். தன் உடல் உண்மையிலேயே அந்த எல்லையை எட்டிவிட்டதா என்று நோற்பவர் அறிந்தாக வேண்டும். அதோடு, சாவை விரும்புவதும் நோன்பின் குற்றங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. வாழ ஆசைப்படுவதும் அப்படியே. வலியிலிருந்து தப்பும் வேட்கையை அறமுடிவென்று மயங்கக்கூடாது என்ற இந்தக் கவனம் என்னை வியக்க வைக்கிறது. 2015 ஆகஸ்டில் சல்லேகனையைத் தற்கொலையோடு சேர்த்துத் தடைசெய்த ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த வேறுபாட்டுக்கு உரிய எடை தரவில்லை. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே மாதம் நிறுத்திவைத்தது.

ஆனால் சல்லேகனையின் ஆதரவாளர்கள் கடக்க வேண்டிய தடை ஒன்று உண்டு. முழுப் பட்டினி சில நாள் நீடித்தால் உடல் பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். பலருக்குப் பசி மங்கிவிடும். எந்த உடலைக் கேட்டு முடிவெடுத்தாரோ, அதே உடலைக் கேட்டு அம்முடிவைப் பின்னால் சரிபார்க்க முடியாது. அப்போது வரும் அமைதி தெளிவாகவும் இருக்கலாம், வெறும் சோர்வாகவும் இருக்கலாம். உள்ளிருந்து பார்ப்பவருக்குப் பிரித்தறிவது கடினம். ஆசானின் இசைவு பெற்றே நோன்பேற்க வேண்டும் என்ற மரபு இங்குதான் பொருள்பெறுகிறது.

எனவே என் தீர்ப்பு இது: உடலறிவு இல்லாமல் இந்த நோன்பு அறமாகாது, உடலறிவு மட்டுமே அதை அறமாக்கவும் செய்யாது. நோற்பவரை நாள்தோறும் கண்டு, கேட்டு, நிறுத்தும் வழியைக் கடைசிவரை திறந்துவைக்கும் இன்னொருவர் இல்லாத இடத்தில் சல்லேகனையை ஏற்க முடியாது.