காலுக்கு மட்டும் மதிப்பெண்

1998இல் ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது கொனாமியின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’. கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் அதற்குக் கிடையாது. நான்கு அம்புக்குறிகள் பதித்த மேடையே கன்ட்ரோலர். திரையில் ஏறிவரும் அம்பு உச்சியிலுள்ள குறியைத் தொடும் கணத்தில், அதே திசையை மிதிக்க வேண்டும். தொடர்ந்து தப்பினால் பாட்டு நின்றுவிடும்.

இயந்திரம் எதைப் பார்ப்பதில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. இடுப்பின் வளைவு, முகபாவம், உடை, வயது எதுவும் அதற்குத் தெரியாது. எந்தக் கட்டம், எந்தக் கணம் என்பது மட்டுமே அதன் கணக்கு. நாலு பேர் முன்னால் ஒருநாளும் ஆடத் துணியாத நான் இதைச் சின்ன விடுதலையாகவே வாசிக்கிறேன்.

ஆனால், மேடை நிற்பது பொதுவெளியில். ஆடுகிறவள் திரையைப் பார்க்கிறாள்; கூட்டம் அவள் முதுகைப் பார்க்கிறது. இயந்திரம் விட்டுவிட்ட கணக்கை அந்தக் கண்கள் எடுத்துக்கொள்கின்றன.

1999இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த மிதிவிரிப்பு இந்த ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. பார்வையிலிருந்து அது காப்பாற்றும்தான். ஆனால், கூச்சப்படும் பெண்ணுக்கு மிஞ்சும் இடம் மறுபடியும் வீடுதானா? கூடத்தின் நடுவே தப்புத் தப்பாக மிதித்துவிட்டு, வாய்விட்டுச் சிரிக்கும் உரிமையும் நமக்கு வேண்டும்.