அழைத்தல் என்பது யாருடைய குரல்?

‘கருக்கு’ (1992) பற்றிப் பேசுகிறவர்கள் சாதியைப் பேசுகிறார்கள். ‘தேவ அழைத்தல்’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ பிரதியின் முடிச்சே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம்னு நம்பித்தான் பாமா ஆசிரியை வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். மடமோ வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் காட்டுகிறது; கீழ்ப்படிதலைத்தான் அழைத்தல் என்கிறது.

1520இல் லூதர், செருப்புத் தைப்பவரும் குருதான் என்று எழுதினார். அழைத்தல் மடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்தது. பெரிய உடைப்பு, சந்தேகமில்லை. ஆனா, அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதை நம்மூர்ச் சேரியில் வைத்து வாசித்தால் என்ன ஆகும்? குலத்தொழிலுக்கு வேதவாக்கு கிடைத்துவிடும்.

நான் கேட்ட பிரசங்கங்கள் அந்த வசனத்தோடு நின்றுவிட்டன. அடுத்த வசனத்திலோ பவுல் அடிமையிடம் பேசுகிறார்: விடுதலை கிடைக்குமென்றால் அதையே நாடு என்கிறார். தமிழ் வேதாகமத்தில் நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

பாமா மடத்தை விட்டு வெளியேறியதை, அழைத்தலை இழந்தவரின் கதையாகப் படிப்பது மடத்தின் வாசிப்பு. வேலையில்லாமல், அடுத்து என்னன்னு தெரியாமல் ஊர் திரும்பிய பிறகுதான் அவர் எழுதுகிறார். அழைத்தலை அவர் கைவிடவில்லை. அந்த அடுத்த வசனத்துக்குப் போயிருக்கிறார்.