எலும்பு வயதும் பிறந்த தேதியும்

பருவ வயதுப் பிள்ளையின் உடல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அறிய, மருத்துவர்கள் இடது கையை மணிக்கட்டோடு சேர்த்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பிறந்த குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் குருத்தெலும்பாகவே இருப்பதால் படத்தில் விழுவதில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். பருவமடையும் காலத்தையொட்டிக் கட்டைவிரலின் அடிமூட்டருகே எள்ளளவில் ஒரு சிற்றெலும்பு தோன்றும். அதன்பின் விரல்நுனி எலும்புகளில் வளர்ச்சித் தட்டுகள் மூடும். முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டருகே கடைசியாக மூடும். கிரூலிக்கும் பைலும் 1950-இல் வெளியிட்ட அட்லஸின் படங்களோடு இதை ஒப்பிட்டு ‘எலும்பு வயது’ கணிக்கப்படுகிறது. டேனர்–வைட்ஹவுஸ் முறை எலும்புக்கு எலும்பு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது.

மருத்துவத்தில் இதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, காலத்துக்கு முந்திய பூப்பு ஆகியவற்றை இனங்காண இது உதவுகிறது. இன்னும் எவ்வளவு உயரம் கூடும் என்றும் ஓரளவு சொல்கிறது.

இப்போது கணினி மென்பொருள் படத்தைச் சில நொடிகளில் படித்துவிடுகிறது. ஒரே படத்துக்கு இரு மருத்துவர்கள் இரு வயது சொல்லும் குறை இதனால் தீரும் என்கிறார்கள். தீரட்டும். ஆனால் அந்த அட்லஸ் 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த, வசதியான வெள்ளையினக் குழந்தைகளின் கைகளைக் கொண்டு உருவானது. ஊட்டம் குறைந்தால் எலும்பு பிந்தும், உடற்பருமன் மிகுந்தால் முந்தும். கணினி எவ்வளவு சீராகப் படித்தாலும் இந்த வேறுபாடு மறையாது.

இதைவிடப் பெரிய பிழை, எலும்பு வயதைப் பிறந்த தேதிக்கு ஈடாக வைப்பது. பதின்மூன்று வயதுப் பையனின் எலும்பு வயது பதினொன்று என்று வந்தால், எந்தக் குழந்தை மருத்துவரும் பிறப்புச் சான்றிதழைச் சந்தேகிப்பதில்லை. வளர்ச்சி பிந்தியிருக்கிறது என்கிறார். இரண்டு வயதுக்கும் உள்ள இடைவெளிதான் அவருக்கு வேண்டிய செய்தி. சான்றிதழ் இல்லாத அதே பையனுக்கு அதே படத்தை வைத்து வயது பதினொன்று என்று எழுதினால், அந்த இடைவெளியே இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்ததாகிறது. உடல்நலமுள்ள பிள்ளைகளிடமே பருவ வயதில் திட்டவிலக்கம் ஏறக்குறைய ஓராண்டு. அதாவது, இருபுறமும் இரண்டு ஆண்டுவரை விலகுவது இயல்பு.

இந்த இரண்டு ஆண்டை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஜெயமாலா வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பள்ளி, உள்ளாட்சிச் சான்றுகள் இல்லாதபோது எலும்புப் பரிசோதனையை நாடுகிறது. குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதி வாரியமோ பதியும் வயதே உண்மை வயதாகக் கொள்ளப்படும் என்கிறது. பதினாறும் பதினெட்டும் விசாரணையின் போக்கையே மாற்றும் வயதுகள். பூப்பு முந்திய பதினேழு வயதுப் பையனை அவன் மணிக்கட்டே பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடக்கூடும். சான்றிதழ் இல்லாமல் வளர்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். இந்தப் பிழையைச் சுமப்பவர்களும் அவர்களே. இதை அறிவியல் என்று சொல்வது அநியாயம்.

எலும்புப் பரிசோதனை அறிக்கையில் ஒற்றை எண் எழுதும் வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டும். குறைந்த வயது, கூடிய வயது இரண்டையும் எழுத வேண்டும். அந்த வரம்புக்குள் பதினெட்டு வந்தால், நீதிமன்றம் அந்தப் பிள்ளையைச் சிறாராகவே நடத்த வேண்டும்.