மூன்று மில்லிமீட்டர்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீடுகளில் கூடத்துக்குள் சோஃபா வந்துவிட்டால் மிஞ்சுகிற இடம் சொற்பம். சுவருக்கும் சோஃபாவின் கைக்கும் நடுவே ஒன்றேகால் அடி இருந்தாலே அதிகம். அந்த இடுக்கில் நிற்கப்போகிற சைடு டேபிளை ஓரிரு ஆயிரத்திலும் முடிக்கலாம், அதைப்போலப் பத்து மடங்கும் கொடுக்கலாம். ‘கையால் செய்தது’ என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் பணம். அது நியாயமா?

மலிவானதிலிருந்து தொடங்குவோம். நாகசந்திராவில் 2022இல் திறந்த ஐக்கியாவின் ‘லாக்’ மேசைக்குள் தேன்கூடு போல மடித்த காகிதம்தான் இருக்கிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஒரு கையிலேயே மாடிக்குத் தூக்கிப் போய்விடலாம். விலைக்கு ஏற்ற பொருள். ஆனால் உடைந்தால் எந்த ஆசாரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தினமும் தரை துடைக்கிற வீட்டில் அடிப்பக்கம் ஈரம் ஏறி உப்பிவிட்டால் கதை முடிந்தது.

கைவேலை என்ற பெயரில் இப்போது அதிகம் கண்ணில் படுவது வேறொன்று: பட்டையோரத்தை அப்படியே விட்ட தூங்குமூஞ்சி மரப் பலகை, வெடிப்பில் நீல ரெசின், கீழே கம்பிக் கால். இந்த மோகத்தின் மூலவர் மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் 1930களின் இறுதியில் புதுச்சேரியில் இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்ததோடு அதற்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். அவை நேர்கோடுகளால் ஆன, அலங்காரமில்லாத பொருள்கள். பின்னாளில் அவர் பலகையின் வெடிப்புகளை வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டு பதித்துப் பூட்டினார். அதற்குக் கை நிதானம் வேண்டும். ரெசினை ஊற்றித் தேய்ப்பதில் அப்படி என்ன நிதானம்? விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டு தச்சை விட்டுவிட்டார்கள். பதினைந்து அங்குல இடுக்கில் அந்த வளைந்த விளிம்பு முழங்காலில் இடிப்பதுதான் மிச்சம்.

கையால் செய்வதற்கான உண்மையான காரணம் மரம் அசைகிறது என்பதே. பெங்களூர் வானிலை இதமானது என்பதெல்லாம் மனிதர்களுக்கு. மார்ச் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் முப்பது சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஆகஸ்ட் காலையில் எண்பதைத் தாண்டும். மரங்களில் அடக்கமானது என்று பெயர் வாங்கிய தேக்கே பச்சையிலிருந்து முற்றும் காயும்போது அகலவாக்கில் கிட்டத்தட்ட 5.8 சதவீதம் வரை சுருங்கும். பதினெட்டு அங்குலப் பலகையின் ஈரம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அந்தப் பலகையை ஃபெவிகால் தடவி, நாலு பக்கமும் திருகு ஏற்றிச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால் கோடையில் அது பிளந்தே தீரும். நல்ல ஆசாரி கால்களையும் சட்டத்தையும் துளையும் நாக்குமாகக் கோப்பார். மேல்பலகையை மட்டும் நீள்துளைத் திருகாலோ சிறு மரக்கட்டைகளாலோ நகர விட்டுப் பிடிப்பார். இந்த வேலை வெளியே தெரியாது, அதனால் இதற்குக் காசு கேட்கவும் கூச்சப்படுகிறார்கள்.

இங்கே பிளைவுட்டுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அசைவதில்லை. நல்ல பிளைவுட்டில் தேக்கு வெனீர் ஒட்டி, ஓரத்தில் கட்டைப் பட்டி கொடுத்த மேல்பலகை தாழ்ந்ததல்ல. ‘முழுக்க முழுக்கக் கட்டை மரம்’ என்ற பெருமை பாதி விளம்பரம். ஆனால் காலும் சட்டமும் கட்டை மரமாகத்தான் இருக்க வேண்டும். பிளைவுட்டின் ஓரத்தில் திருகு நெடுநாள் பிடிக்காது.

மரத்துக்கு எங்கும் ஓட வேண்டியதில்லை. குடகுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக் இதற்குத் தாராளம். பழைய பங்களாக்களை இடிக்கும்போது கழற்றுகிற தேக்கு ஜன்னல் சட்டம் கிடைத்தால் இன்னும் உசத்தி. பல காலம் காய்ந்த, வைரம் பாய்ந்த மரம் அது. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகள் இழைப்புளியின் வாயைக் கெடுக்கும் என்பதுதான் தொல்லை. அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் சுடச்சுட டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். நம் வீட்டுக்குப் பாலியூரித்தேன்தான் சரி. உயரம் சோஃபாவின் கைக்கு ஓர் அங்குலம் கீழே.

ஆகவே என் தீர்ப்பு: கைவேலைக்குக் கூடுதல் பணம் நியாயம்தான், அது பொருத்துக்குப் போகும்வரை. வாங்குவதற்கு முன் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். கட்டை மரப் பலகையில் திருகு நகர இடமில்லாமல் இறுகியிருந்தால், தயங்காமல் நாகசந்திராவுக்கு மெட்ரோ ஏறலாம்.