திரையில் வெட்டும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய தேரை இழுக்குமுன் வீதியைப் பார்த்துவிடுவது முறை. தேரின் உயரமும் வீதியின் அகலமும் முன்பே தெரிந்தவைதாம். ஆனால், குறுக்கே போகும் மின்கம்பியும் புதிதாக நீட்டிய கூரையும் அந்தக் கணக்கில் இரா. வரைபடம் சரியாக இருந்தாலும் வீதி வேறாக இருக்கலாம் என்பது வடம் பிடிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த எளிய உண்மையைப் பொறியியல் மாணவர் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

1936இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல், இவ்வட்டாரத்தில் நூற்பாலைகளும் அவற்றைச் சார்ந்த இயந்திரத் தொழிலும் வளர்ந்தன. தேய்ந்த தண்டையும் பல்சக்கரத்தையும் லேத்தில் கடைந்து கொடுத்த தொழிலாளர், ஒவ்வொரு வெட்டையும் கண்ணாலும் காதாலும் சோதித்தார். இன்று அவ்வேலைகளில் பல சி.என்.சி. இயந்திரத்திற்கு வந்துவிட்டன. 1984இல் கிருஷ்ணன்கோவிலிலும், 2013இல் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. கணிப்பொறியில் நிரல் எழுதுவது இவ்வூர் இளைஞர்களுக்குப் புதிதன்று. நிரலை இயந்திரத்தில் இடுமுன், கருவி செல்லும் பாதையைத் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதுவே சிமுலேஷன், ‘திரை ஒத்திகை’ எனலாம். திரையில் பொருள் அழகாக உருவானதும், “நிரல் சரி” என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். அச்சொல் எவ்வளவு பொருத்தம்?

ஒத்திகையின் நன்மை

எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரம் 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது. கணிப்பொறித் திரை பரவாத காலத்தில், கருவியின் பாதையைத் தாளில் வரையச் செய்தோ, மரத்திலும் மெழுகிலும் வெட்டிப் பார்த்தோ நிரலைச் சோதித்தனர். அந்தச் செலவையும் நேரத்தையும் திரை ஒத்திகை மிச்சப்படுத்துகிறது. கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி, வலப்புறம் திரும்ப வேண்டிய வில் இடப்புறம் திரும்புதல், கருவியைத் தூக்காமல் நகர்த்துதல் போன்ற பிழைகளை நொடியில் காட்டிவிடும். இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

எதை மறைக்கிறது?

முதல் குறை, ஒத்திகை மென்பொருளும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரே கட்டளையை வெவ்வேறாகப் படிக்கக்கூடும் என்பது. ஜி00 என்னும் விரைவு நகர்வை எடுத்துக்கொள்வோம். கருவி பூஜ்யப் புள்ளியிலிருந்து எக்ஸ் 100, ஒய் 40 மி.மீ. என்ற இடத்திற்குச் செல்ல வேண்டும். எளிய மென்பொருள் ஒரு நேர்கோட்டை வரையும். ஆனால் பல இயந்திரங்களில் ஒவ்வோர் அச்சும் தன் முழு வேகத்தில் தனித்தனியே ஓடும். இரண்டின் வேகமும் சமமானால், கருவி முதலில் 45 பாகைச் சாய்வில் (40, 40) புள்ளிக்குச் சென்று, பிறகு எக்ஸ் திசையில் மட்டும் நகரும். நேர்கோட்டில் எக்ஸ் 40 ஆகும்போது ஒய் 16தான். ஆகவே திரைக்கும் இயந்திரத்திற்கும் 24 மி.மீ. வேறுபாடு! அவ்விடத்தில் ஓர் இரும்புக் கிளாம்ப் நின்றால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று புள்ளி. எக்ஸ்50 என்று தசமப் புள்ளியின்றி எழுதினால், சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதை 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. என்று கொள்ளும். மென்பொருளோ 50 மி.மீ. என்று படித்துப் படம் காட்டிவிடலாம்.

இரண்டாம் குறை, நாம் சொல்லாததை ஒத்திகை அறியாது. பணிப்பொருளின் தொடக்கப் புள்ளியையும் கருவியின் நீளத்தையும் இயந்திரத்தருகே நிற்பவர் பதிவு செய்கிறார். அவர் நீளத்தை 10 மி.மீ. குறைத்துப் பதிந்தால், கருவி 10 மி.மீ. ஆழமாக இறங்கும். அப்போதும் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மூன்றாம் குறை, திரையிலுள்ள கருவி வளையாது, உலோகம் சூடாகாது. உண்மையில், கருவி வெளியே நீளும் அளவு இரு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். 300 மி.மீ. எஃகுத் துண்டு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.035 மி.மீ. நீளும். நுட்பமான பாகத்தைத் தள்ளுபடி செய்ய இவ்வளவு போதும்.

சோதிக்கும் கருவியைச் சோதித்தல்

1990இல் விண்ணில் ஏற்றப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நுட்பமாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் தவறான வடிவில். ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறி அமைந்திருந்தது. வேறு இரு கருவிகள் பிழையைக் காட்டியும், அவை நுட்பம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டனர். 1993இல் விண்வெளி வீரர்கள் சென்றே குறையைச் சரிசெய்ய நேர்ந்தது. சோதிக்கும் கருவியைச் சோதிக்காவிட்டால் வருவது இதுதான்.

மாணவர்கள் இதை எளிதாகச் செய்யலாம். நன்கு ஓடும் நிரல் ஒன்றில் வேண்டுமென்றே ஐந்து பிழைகளை நுழையுங்கள்: ஒரு தசமப் புள்ளியை நீக்குங்கள், கருவி நீளத்தை மாற்றுங்கள், விரைவு நகர்வின் வழியில் கிளாம்பை வையுங்கள், ஒரு வில்லின் திசையைத் திருப்புங்கள், கருவியின் விட்டத்தைக் கூட்டுங்கள். ஒத்திகை எத்தனையைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று பட்டியலிடுங்கள். அப்பட்டியலே உங்கள் மென்பொருளின் உண்மையான மதிப்பெண். இந்நிரலைத் திரையோடு நிறுத்துங்கள். இயந்திரத்தில் இட வேண்டாம்.

சரியான நிரலை இயந்திரத்திற்குக் கொண்டு சென்றதும், கருவியைப் பொருளுக்கு மேலே உயர்த்தி வைத்துக் காற்றில் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியாக, வேகத்தைக் குறைத்து, நிறுத்தும் பொத்தானில் கை வைத்தபடி பாருங்கள். அடுத்து மெழுகிலோ நைலானிலோ ஒன்று வெட்டி, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இயந்திரத்தின் துல்லியத்தை அறிய வட்டம், சாய்சதுரம், சதுரம் மூன்றும் அடங்கிய சோதனைத் துண்டை வெட்டும் முறை நெடுங்காலமாக உள்ளது.

ஒத்திகை வேண்டாம் என்பது நம் வாதமன்று. அது தரும் சான்றிதழை அளவுக்கு மீறிப் படிக்கலாகாது என்பதே வாதம். நாளை கோவையிலோ ஓசூரிலோ வேலைக்குச் செல்லும் இளைஞன், முதல் நாளிலேயே ஸ்பிண்டிலை மோதவிட்டால் நிறுவனத்திற்குப் பெருஞ்செலவு. அவனுக்கோ காயமும் வேலை இழப்பும்கூட நேரலாம். ஆகவே குறிப்பேட்டில் “நிரல் சரி” என்று மட்டும் எழுதாதீர்கள். எதைச் சோதித்தோம், எதை இன்னும் சோதிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டாம் வரியில்தான் பொறியியல் தொடங்குகிறது.