550 யெனுக்கு ஒரு மலை

டோக்கியோவுக்கு வேலையாக வரும் நம்மவர்கள் முதல் வருடத்திலேயே ஃபுஜி மலையைப் பார்த்துவிடுவார்கள். பேருந்தில் பாதி மலை வரை போவார்கள், மேகம் விலகக் காத்துக் கிடப்பார்கள், நாலு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்புவார்கள். நான் வாரந்தோறும் பார்க்கப் போகிற ஃபுஜி வேறு. காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்றை ஒட்டிய சந்துக்குள், வெந்நீர்த் தொட்டிக்கு மேலே, பெயின்ட்டில் நிற்கிற மலை அது. அந்த மலைக்கு அடிவாரத்தில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த மாநகரம் எனக்குத் தரும் சுகங்களில் முதன்மையானது.

சென்டோ என்றால் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பொதுக் குளியல் கூடம். மலையூர்களில் இயற்கையாகப் பொங்கும் வெந்நீர் ஊற்றுகளைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் போவார்களே, அது ஓன்சென். சென்டோவில் சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுவதுதான் வழக்கம். வீட்டில் குளியலறை இல்லாதவர்களுக்காக ஏற்பட்ட இடம். 1968 வாக்கில் டோக்கியோவில் 2,600-க்கும் மேற்பட்ட சென்டோக்கள் இருந்தன. பிறகு வீட்டுக்கு வீடு தொட்டி வந்துவிட்டது. இன்று 500-கூடத் தேறாது. கட்டணத்தைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. போர் முடிந்த கையோடு, 1946-ல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணை இந்தக் குளியலுக்கு இன்னும் செல்லுபடியாகிறது. அந்தந்த மாகாணம்தான் உச்சவரம்பு வைக்கும். டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் அது 550 யென் ஆனது. நம் பணத்தில் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இந்த ஊரில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல காபி கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் இருப்பது நிஷி-காசாய். இந்தியர்கள் அதிகம் குடியிருக்கும் பகுதி, கடையில் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும். ஆனால் சென்டோவில் நம் முகங்களைக் காண்பது அரிது. காரணம் தெரிந்ததுதான்: துணி. ஆற்றிலும் அருவியிலும் ஊரே பார்க்கக் குளிக்கிற நாம் இடுப்புத் துணியை மட்டும் விடமாட்டோம். இங்கே நீச்சல் உடைகூடக் கூடாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே சுவர். ஆனால் அந்தந்தப் பக்கத்தில் எல்லோரும் பிறந்த மேனிதான். கூச்சம் ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் போய்விடும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வாசலில் தொடங்குகிறேன். பழைய டோக்கியோ சென்டோவின் முகப்பைப் பார்த்தால் கோயில் என்றே தோன்றும். நடுவில் புடைத்து இருபுறமும் வழிந்து இறங்கும் வளைவான கூரை முகப்பு, அதன் அடியில் மரச் செதுக்கல். 1923 நிலநடுக்கத்தில் நகரம் எரிந்து கிடந்ததற்குப் பிறகு, மீண்டும் எழுந்த சென்டோக்களுக்கு இந்தக் கோயில் பாணி பிடித்துக்கொண்டது. குளிக்க வருகிறவன் கூலித் தொழிலாளியாக இருக்கலாம். ஆனாலும் வாசலில் அவனுக்கு ஒரு ராஜ மரியாதை. உள்ளே நுழைந்ததும் செருப்பு வைக்கும் சின்னச் சின்ன மரப் பெட்டிகள். சாவி என்பது கையகல மரத்துண்டு, அடியில் வெட்டுப் பள்ளங்கள். உருவினால் பூட்டிக்கொள்ளும், சொருகினால் திறக்கும். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து அதன் முனைகள் மழுங்கி வழவழப்பாகியிருக்கும். நான் எப்போதும் ஒரே எண்ணைத்தான் எடுப்பேன். அந்த எண் காலியாக இல்லாவிட்டால் அன்றைய குளியலில் ஏதோ குறைந்தாற்போல இருக்கும்.

தொட்டியில் இறங்குமுன் உடம்பை அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய் வரிசைக்கு முன்னால் குட்டையான முக்காலி, எதிரே கண்ணாடி, கையில் மஞ்சள் வாளி. அந்த வாளி ஒரு தனி விஷயம். அடிப்பாகத்தில் கெரோரின் என்று அச்சிட்டிருக்கும். கெரோரின் ஒரு வலிநிவாரணி. தலைவலிக்கும் பல்வலிக்கும் போடுகிற தூள். 1963-ல் தோயாமா பக்கத்து மருந்துக் கம்பெனி விளம்பரத்துக்காக இந்த வாளியைக் குளியல் கூடங்களுக்கு இறக்கியது. உட்கார்ந்தாலும் உடையாது, எறிந்தாலும் உடையாது, அச்சும் அழியாது. இதில் இரண்டு அளவு உண்டு. ஒசாகா பக்கத்து வாளி சிறியது. அங்கே தொட்டியிலிருந்தே தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொள்வது வழக்கம், பெரிய வாளியானால் கை வலிக்கும். டோக்கியோவில் குழாயடியில் வைத்துப் பிடிப்பதால் வாளி பெரியது. ஒரு நாட்டின் கிழக்கும் மேற்கும் குளிக்கிற விதத்தில் பிரிவதை ஒரு பிளாஸ்டிக் வாளி ஒப்புக்கொண்டிருக்கிறது!

தண்ணீர் சூடு பெரும்பாலும் 42 டிகிரிக்குக் குறையாது. பழங்காலத்து சென்டோக்களில் 44-ஐயும் தொடும். காலை வைத்ததும் சுள்ளென்று ஏறும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: மெதுவாக இறங்கி, இறங்கியபின் அசையாமல் இருக்க வேண்டும். அசையாதிருந்தால் தோலை ஒட்டியிருக்கும் தண்ணீர் உடம்புக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தான் சற்று ஆறிப்போகிறது. மெல்லிய பனியன் போட்டது போல அந்த நீர்ப்படலம் நம்மைக் காக்கும். பக்கத்தில் ஒருவர் சட்டென்று எழுந்தால் அலை வந்து பனியனைக் கிழித்துவிடும், மறுபடி சுள்ளென்று சுடும். அதனால்தான் பழகிய கிழவர்கள் தொட்டியில் இறங்குவதும் ஏறுவதும் பூனை நடப்பது போல் இருக்கும். தலையில் மடித்த துண்டு, பாதி மூடிய கண், தாடை வரை தண்ணீர். வெந்நீரில் இப்படிச் சும்மா இருப்பதும் ஒரு தேர்ச்சிதான். வீட்டில் காக்காக் குளியல் போடுகிறவர்களுக்கு அது லேசில் வராது.

இனி மலைக்கு வருவோம்.

சென்டோ சுவரில் படம் வரையும் வழக்கம் 1912-ல், கான்டா பகுதியில் இருந்த கிகாய்யு என்ற குளியல் கூடத்தில் தொடங்கியது என்பார்கள். குழந்தைகள் விரும்பி வரட்டும் என்று உரிமையாளர் நினைத்தாராம். கவாகோஎ கோஷிரோ என்ற ஓவியரைக் கூப்பிட்டார். அவர் ஷிசுஓகாக்காரர், ஃபுஜியைப் பார்த்து வளர்ந்தவர். தன் ஊர் மலையை வரைந்துவிட்டுப் போனார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்து விளம்பரக்காரர்கள் நுழைந்தார்கள். படத்துக்குக் கீழே அரிசிக் கடை, பல் டாக்டர், முடிவெட்டும் கடை என்று பேட்டை விளம்பரப் பலகைகள் வரிசையாக ஏறின. அந்தக் காசில் விளம்பரக் கம்பெனியே ஓவியரை அனுப்பி, படத்தை அவ்வப்போது புதுப்பித்துக் கொடுக்கும். சென்டோக்காரருக்குச் செலவில்லை.

வேலை நடப்பது கூடத்தின் விடுமுறை நாளில். ஒரே நாள். காலையில் சாரம் கட்டி, உரிந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மேலே வானத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். சொட்டினாலும் கீழே இன்னும் வரையாத இடத்தில்தானே விழும். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. இந்த நாலை வைத்தே எல்லா நிறத்தையும் குழைத்துக்கொள்கிறார்கள். பழைய படத்தை அழிப்பதில்லை, அதன் மேலேயே புதியது ஏறும். ஆகவே நாம் பார்க்கும் ஃபுஜிக்குப் பின்னால் முந்தைய ஃபுஜிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓரத்தில் வரைந்த தேதியும் எந்த இடத்திலிருந்து பார்த்த காட்சி என்பதும் சிறிதாக எழுதியிருக்கும். மறுநாள் மாலை கதவைத் திறந்தால் புது மலை தயார். சில விலக்குகளும் உண்டு. சூரியன் அஸ்தமிக்கக் கூடாது, வியாபாரமும் அஸ்தமித்துவிடுமாம். இலையுதிர்காலத்தில் சிவந்த மரங்கள் கூடாது, வாடிக்கையாளர்கள் உதிர்ந்துவிடுவார்களாம். சகுனம் பார்ப்பதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல.

இப்போது இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் என்று கேட்டால் மூன்று பெயர்களைத்தான் சொல்வார்கள். மருயாமா கியோதோ 1935-ல் பிறந்தவர், நகாஜிமா மொரியோ 1945-ல். மூன்றாமவர் தனாகா மிசுகி என்ற பெண், பிறந்தது 1983-ல். கல்லூரியில் கலை வரலாறு படிக்கும்போதே நகாஜிமாவிடம் சீடராகச் சேர்ந்து தொழில் கற்றவர். அண்ணா சாலையில் சினிமா பேனர் வரைந்த நம் ஓவியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இதுவும் அதே ஜாதி: ஆளுயரத்துக்கு மேல் அளவு, எட்ட நின்று பார்ப்பவனுக்கான கணக்கு, அடுத்த படம் வந்தால் தன் மேலேயே பூசிவிடுவார்கள் என்று தெரிந்தே காட்டும் அக்கறை. அங்கே அச்சுப் பலகை வந்து தொழிலை விழுங்கியது. இங்கே மூன்று பேர் மிச்சம்.

இந்தப் படத்தைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு, 'என்ன, காலண்டர் படம் மாதிரி இருக்கிறதே' என்று சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. புகைப்படத்தில் அப்படித்தான் இருக்கும். நீலம் மிகையாக, பைன் மரங்கள் குண்டாக, அலை நுரை பஞ்சு போலத் தெரியும். படம் எதற்காக வரையப்பட்டதோ அந்த நிலையில் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி துணிப் பெட்டிக்குள் இருக்கிறது, கூடத்தில் ஆவி, கண்ணில் சோப்புத் தண்ணீர். அப்போது அந்தக் குண்டு பைன் மரம் சரியான பைன் மரமாகிவிடும். உச்சிப் பனியின் வெள்ளைக்கும் வானத்துக்கும் நடுவே ஓவியர் ஏன் அவ்வளவு அழுத்தமாக விளிம்பு கட்டினார் என்பதும் விளங்கும். கிட்டப் பார்வைக்காரர்கள் நிறைந்த ஊருக்காக, அவர்கள் கண்ணாடியைக் கழற்றிய நேரத்துக்காக வரைந்த படம் இது. எந்த அருங்காட்சியகமும் இந்தப் பார்வையாளனை மனதில் வைத்து ஓவியம் மாட்டியதில்லை.

ஒரு வேடிக்கை: டோக்கியோ சென்டோவில் தொட்டி கடைசிச் சுவரை ஒட்டி, மலைக்கு நேர் கீழே இருக்கிறது. ஒசாகா பக்கம் போல் கூடத்தின் நடுவில் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மலை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெரும்பாலானோர் அப்படித்தான் உட்காருகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. தொட்டியின் முன்விளிம்பில் முதுகைக் கொடுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். மலை தலைக்கு மேலே எழும்பி நிற்கும்; அதன் அடியில் வரைந்த ஏரியின் நீலம் அப்படியே தொட்டித் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். இன்னொரு நல்ல இடம் குழாயடி. தலையில் நுரையோடு எதிர்க் கண்ணாடியில் பார்த்தால், கோணம் வாய்த்தால், காதுக்குப் பக்கத்தில் ஃபுஜி முளைத்திருக்கும். சில நாட்களில் அதற்குப் போட்டியும் வரும்: முதுகு நிறைய டிராகன் பச்சை குத்திய பெரியவர் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வருவார். பெரிய வெந்நீர் விடுதிகள் பல பச்சை குத்தியவர்களை விடுவதில்லை. சென்டோக்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அவர் தோளைத் தேய்க்கும்போது டிராகன் நெளியும். சுவரில் உள்ள மலையை அன்று யாரும் சீண்டமாட்டார்கள்.

காதுக்கும் தீனி உண்டு. ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் பிரிக்கும் சுவர் கூரை வரை போவதில்லை. உயரமான கூரைக்குக் கீழே இரு பக்கத்துச் சத்தமும் கலந்து சுற்றும். வாளியைத் தரையில் வைக்கும் 'டொக்' என்ற சத்தம் கோயில் மண்டபத்தில்போல் கேட்கும். வீட்டுச் சாவி ஒன்றே ஒன்றாக இருக்கும் தம்பதிகள் சுவருக்கு மேலே குரல் கொடுத்துக்கொள்வார்கள். "நான் கிளம்பறேன்" என்பார் இந்தப் பக்கத்துப் பெரியவர். "இன்னும் தலை அலசலை, இருங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அவர் முனகிக்கொண்டே மறுபடி தொட்டியில் இறங்குவார்.

மே 5-ல் வசம்புச் செடியின் வாளிலைகளைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் போடுவார்கள். டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாளில் யூசு பழங்கள் மிதக்கும். யூசு எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு வாசனை. வெந்நீரில் ஊறிய தோல் விரலில் பிசுபிசுக்கும். அந்த ஒரு நாள் மட்டும் சிறுவர்கள் கூட்டம் சத்தம் போட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

குளித்து முடித்தபின் பால் குடிக்க வேண்டும். காபி கலந்த பால், கண்ணாடி பாட்டிலில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியிலிருந்து. இடுப்பில் ஒரு கையை ஊன்றி ஒரே மூச்சில் குடிப்பது சம்பிரதாயம். மெய்ஜி நிறுவனம் 2025 மார்ச்சோடு கண்ணாடி பாட்டில் பாலையும் காபியையும் நிறுத்திவிட்டது. வேறு கம்பெனி பாட்டில்கள் இன்னும் கிடைக்கின்றன. காகிதப் பெட்டியிலும் பால் அதே பால்தான். ஆனால் சூட்டில் சிவந்த உதட்டில் தடித்த கண்ணாடி விளிம்பு படும் குளிர்ச்சியைக் காகிதம் தராது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மூடுவிழாக்கள் தொடர்ந்து நடக்கின்றன. கிதா-செஞ்சுவில் 1929-ல் எழுந்த தைகொகுயு, சென்டோக்களின் அரசன் என்று பெயர் வாங்கியது, 2021-ல் மூடியது. மறுபுறம், கோஎன்ஜியில் 1933-லிருந்து நடக்கும் கொசுகியு, 2024-ல் ஹராஜுகு வணிகக் கட்டடத்தின் நிலவறையில் கிளை திறந்தது. இளைஞர்கள் வருகிறார்கள், மகிழ்ச்சிதான். கூடத்தைச் சாம்பல் நிறச் சிமென்ட்டில் புதுப்பித்து, மலையை எடுத்துவிட்டு மெல்லிய இசை போடுகிற இடங்களுக்கு மட்டும் நான் போவதில்லை. ஆற அமரப் படத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் கொகானெய் திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1929-ல் கட்டிய கொதகராயு அங்கே முழுதாகப் பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உடுத்திய துணியோடு, மூக்குக்கண்ணாடியோடு, ஆண் பக்கம் பெண் பக்கம் இரண்டையும் பார்க்கலாம். தொட்டியில்தான் தண்ணீர் இருக்காது.

எங்கள் கூடத்து மலையைப் புதிதாக வரைந்த வாரம், தொட்டியில் இரண்டு கிழவர்கள் அதை விமர்சித்துக்கொண்டிருந்தார்கள். பழைய படத்தில் பைன் மரம் இடது பக்கம் இருந்தது, அதுதான் எடுப்பு என்றார் ஒருவர். மற்றவருக்குப் பனி அதிகமாகிவிட்டதாகக் குறை. கோடைக்கு வரைகிற மலைக்கு இவ்வளவு பனி எதற்கு என்று கேட்டார். என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க சொல்லுங்க, எது நல்லாருக்கு?" என்றார்கள். பழையதன் பக்கம் என் ஓட்டைப் போட்டேன். பனிக் கட்சிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் விவாதம் நடந்தது, மூன்று பேருக்கும் முகம் தக்காளியாகிவிட்டது.