சான்றும் பொறுப்பும்: சமூகப்பணி மாணவரின் எழுத்து நெறி பற்றி ஒரு நோக்கு

பல்கலைக்கழக ஒப்படைகளில் மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் இன்றியமையாத உறுப்புகளாகக் கொள்ளப்படுகின்றன. சமூகப்பணி பயிலும் மாணவருக்கான எழுத்துக் கைந்நூல்களும் இவற்றுக்கே பெரும் இடம் ஒதுக்குகின்றன. ஆசிரியர் பெயரை எங்கு இடுவது, ஆண்டை எவ்வாறு அடைப்புக்குறிக்குள் அமைப்பது, பிறர் கூற்றை மேற்கோட்குறியின்றி எடுத்தாளின் நேரும் தண்டனை யாது என்பனவே அவற்றின் சாரம். விதிகள் தேவையற்றன என எவரும் வாதிடார். ஆயின் விதிக்குரிய காரணம் விளக்கப்படாதவிடத்து மாணவர் அதனை ஒரு சடங்காகவே பயில்வர். ஏனைய துறைகளிலும் பார்க்கச் சமூகப்பணியில் இக்குறைபாடு பாரதூரமானது.

இத்துறையிற் பரவலாகக் கையாளப்படும் உசாத்துணை முறை அமெரிக்க உளவியற் சங்கத்தினுடையது. 1929இல் ஆய்விதழ்க் கட்டுரையாளருக்காக வெளியிடப்பட்ட ஏழு பக்க அறிவுறுத்தல்களிலிருந்து வளர்ச்சியுற்றது அது. எனினும் சான்று பற்றிய சிந்தனையைச் சமூகப்பணி பிற துறையொன்றிடமிருந்து இரவல் பெறவேண்டிய நிலையில் இருக்கவில்லை. 1915இல் பால்டிமோர் நகரில் நிகழ்ந்த மாநாட்டில் ஏபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப்பணியை முழுமையான உயர்தொழிலாகக் கொள்ளவியலாது என வாதிட்டார். ஈராண்டுகளின் பின், 1917இல், மேரி றிச்மண்டின் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்னும் நூல் வெளிவந்தது. நேரிற் கண்டறியப்படும் சான்று, பிறர் வாய்மொழியாக வரும் சான்று, சூழ்நிலையிலிருந்து உய்த்துணரப்படும் சான்று எனச் சான்றினை அந்நூல் வகைப்படுத்தியது. வாய்மொழியிலும், கூறுபவர் தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தறிதல் வேண்டும் என வற்புறுத்தியது.

றிச்மண்டின் நெறி குறையற்றதெனக் கொள்வதற்கில்லை. உறவினர், தொழில்தருநர், பாடசாலை, அயலார் முதலிய வெளிமூலங்களை நாடும் முறைகளுக்கு அந்நூலின் பெரும்பகுதி செலவாகின்றது. வறியோர் விசாரிக்கப்படுவோராகவும் பணியாளர் விசாரிப்போராகவும் அமையும் சமனற்ற உறவினை அது போதியளவு கேள்விக்குட்படுத்தவில்லை. ஆயினும் “இதனைக் கூறியவர் யார்? அவர் எவ்வாறு அறிந்தார்?” என்ற வினாக்களை அது பணியின் நடுவே நிறுத்தியது. உசாத்துணை எழுப்பும் வினாக்களும் இவையே. அவ்வகையில் நோக்குமிடத்து, மேற்கோள் காட்டுதலும் களக்குறிப்பு எழுதுதலும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகள் எனலாம்.

தமிழில் எழுதும் மாணவர் ஈண்டு எதிர்கொள்ளும் இடர் தனித்துக் கவனிக்கத்தக்கது. பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் பிறர் உரையை, உரைத்தவர் பெயர் சுட்டாது, இவ்வாறு கூறுவோரும் உளர் என்ற பாங்கில் எடுத்துக்காட்டி மறுப்பதுண்டு. நூலை மட்டும் விவாதித்த அச்சூழலில் அம்மரபு பெருந்தீங்கு விளைக்கவில்லை. இன்றைய உரைநடையிலோ ‘கூறப்படுகின்றது’, ‘கருதப்படுகின்றது’, ‘நம்பப்படுகின்றது’ என்னும் செயப்பாட்டுவினை முடிபுகள் அறிவியல் நடையின் அடையாளங்களாக மதிக்கப்படுகின்றன. “அத்தாய் பிள்ளையைக் கவனிப்பதில்லை எனக் கூறப்படுகின்றது” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கூறியவர் அயலாரா, மனத்தாங்கல் கொண்ட மைத்துனரா, அன்றி ஒருமுறை மட்டும் அவ்வீட்டுக்குச் சென்ற பணியாளரா? வாக்கியம் இலக்கண வழுவற்றது. கூறியவரை மட்டும் அது மறைத்துவிடுகின்றது.

வகுப்பறையில் இவ்வாக்கியம் சில புள்ளிகளை இழக்கச் செய்யலாம். வெளியே அதன் விளைவு வேறு. இலங்கையில் சிறுவர் தொடர்பான வழக்குகளில் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றுக்கு அறிக்கை சமர்ப்பிக்கின்றனர். பிள்ளை வீட்டில் இருப்பதா, சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்படுவதா என்ற தீர்மானத்தில் அத்தகைய அறிக்கையின் சொற்கள் பங்குகொள்கின்றன. ஒப்படையில் மூலம் சுட்டாது எழுதிப் பழகிய கை, அறிக்கையிலும் அவ்வாறே எழுதும்.

கைந்நூல்கள் விளக்காது விடும் இன்னொரு முரணும் உண்டு. நூலாசிரியரின் பெயரை மறைப்பது குற்றம். உதவிநாடி வந்தவரின் பெயரை வெளியிடுவதும் குற்றம். ஒரே கட்டுரையில் இவ்விரு கட்டளைகளுக்கும் பணியவேண்டிய மாணவர் மயங்குவது இயல்பே. தம் கருத்தைப் பொதுவெளியில் முன்வைத்தவருக்கு அதன் உரிமை சேரவேண்டும். நம்பிக்கையின்பேரில் தம் துயரைச் சொன்னவருக்குக் காப்பு வேண்டும். இரண்டும் பிறர் சொல்லுக்குச் செய்யும் மரியாதையே. இதனை விளக்கும் ஒரு பக்கம், காற்புள்ளி பற்றிய பத்துப் பக்கங்களிலும் பயனுடையதாகும்.

வடிவப் பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு நடைமுறையே சான்று. பீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வெளியிட்ட நூலின் ஏழு தத்துவங்களை விரிவுரைக் குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதி, நூலைக் கண்ணாலும் காணாது அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுவது எளிது. குறியீட்டில் வழு இராது. வாசித்ததாகக் காட்டியது பொய். வாசித்த மூலத்தையே சுட்டி, அதன்வழி பீஸ்டெக்கை அறிந்ததாக எழுதுவதே நேர்மை. இன்று கணினி மொழிநிரல்கள் உலகில் இல்லாத நூல்களுக்கும் செம்மையான உசாத்துணைகளைப் புனைந்து தருவதுண்டு. ஒப்புமை விழுக்காட்டைக் கணிக்கும் மென்பொருள் இத்தகைய பொய்யைப் பிடிக்குமென்ற உறுதியில்லை.

எனவே உசாத்துணைப் பயிற்சி களப்பயிற்சியுடன் இணைக்கப்படல் வேண்டும். தம் களக்குறிப்பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் கண்டது, கேட்டது, கருதியது என மாணவர் பிரித்தெழுதட்டும். கருதியது தம் கருத்தாயின் ‘நான்’ என எழுதவும் அனுமதிக்கப்படட்டும். அப்பழக்கம் கைவந்தபின் உசாத்துணை விதிகளைத் தண்டனைக்கு அஞ்சிக் கற்கவேண்டிய தேவை இராது. ஒரு தாயைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியத்துக்கும் அதனை எழுதியவர் பொறுப்பேற்பார்.